பச்சைப் பட்டையின் கதை

சோறு வெந்துடுச்சான்னு பார்க்க நம்ம வீட்டுல என்ன செய்வாங்க? ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்ப்பாங்க. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். மென்பொருளுக்கு மட்டும் இந்தப் பழமொழி எடுபடாது மக்களே. அங்கே ஒவ்வொரு பருக்கையும் தனித்தனி அடுப்பில் வெந்த மாதிரி. ஒன்று குழைஞ்சு போயிருக்கும், பக்கத்துல இருக்கறது இன்னும் அரிசியாவே இருக்கும். போதாக்குறைக்கு நேத்து பதமா இருந்த பருக்கை, இன்னைக்கு யாரோ எங்கேயோ கரண்டியை விட்டதால மறுபடி அரிசியாயிடும்.

அப்போ எல்லா பருக்கையையும், ஒவ்வொரு தடவையும், நசுக்கிப் பார்க்கணும். யார் பார்க்கறது? எதை வச்சுப் பார்க்கறது? இந்த ரெண்டு கேள்விக்கும் கடந்த முப்பது வருஷத்துல கிடைச்ச பதில்களின் கதைதான் இந்தப் பதிவு. ஜாவாவில் பெரிய நிறுவனங்களுக்கான வெப் அப்ளிகேஷன் எழுதறவங்க தினமும் கட்டி அழுவுற யூனிட் டெஸ்ட் கருவிகள் எங்கிருந்து வந்துச்சுன்னு ஒரு பார்வை. பொட்டி தட்டாதவங்களும் தாராளமா படிக்கலாம், பயமுறுத்த மாட்டேன். எனக்கு இதில் கூடுதல் ஒட்டுதல் வேற: ஜேயூனிட்டுக்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு.

முதல் கேள்வியில இருந்து ஆரம்பிப்போம். யார் டெஸ்ட் பண்ணணும்?

1979-ல் கிளென்ஃபோர்ட் மையர்ஸ் என்பவர் மென்பொருள் சோதனை பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ரொம்ப காலம் அதுதான் வேதம். அதில் ஒரு கொள்கை: ஒரு நிரலாளர் தான் எழுதின நிரலை தானே சோதிப்பதைத் தவிர்க்கணும். காரணம் எளிது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. நான் எழுதினது தப்பா இருக்கும்னு நினைச்சு நானே தேடுவேனா? மனசு வராது. அதனால வேற ஆள் தேடட்டும்.

இது தப்பான யோசனை இல்லை. ஆனா பெரிய கம்பெனிகள் இதை எப்படிப் புரிஞ்சுக்கிட்டாங்கன்னா, எழுதறதுக்கு ஒரு கூட்டம், சோதிக்கறதுக்கு இன்னொரு கூட்டம். நம்ம ஊர் ஐடி கம்பெனிகளும் இதே அச்சில் வளர்ந்தவைதான். டெவலப்பர் எழுதி முடிச்சு டெஸ்டிங் டீம் பக்கம் தள்ளிவிடுவார். பத்து நாள் கழிச்சு ஒரு எக்செல் ஷீட் நிறைய பக் திரும்பி வரும். அதுக்குள்ள அந்த ஆள் வேற வேலைக்குப் போயிருப்பார், எதை எதுக்காக எழுதினோம்ங்கறதே மறந்திருக்கும். தப்பு செஞ்ச நேரத்துக்கும் அது தெரியவந்த நேரத்துக்கும் நடுவுல இருக்கற அந்த இடைவெளிதான் உண்மையான வில்லன்.

அதுக்காக டெவலப்பர்கள் எதுவுமே சோதிக்காம இருந்தாங்கன்னு சொல்ல முடியாது. நிரலுக்கு நடுவுல நாலு பிரிண்ட் வரி போட்டு, திரையில ஓடுறதைக் கண்ணால பார்த்து, "ம்ம், சரியாத்தான் இருக்கு" என்று தலையாட்டிட்டு அந்த வரிகளை அழிச்சிடுவாங்க. அந்தச் சோதனை அந்த ஒரு நிமிஷத்தோட செத்துப் போச்சு. நாளைக்கு யாராவது அந்த இடத்துல கை வச்சா மறுபடி கண்ணால்தான் பார்க்கணும்.

இங்கேதான் கென்ட் பெக் வர்றார். அமெரிக்கர், ஸ்மால்டாக் என்ற மொழியில் கரை கண்டவர். 1994-ல் ஒரு ஸ்மால்டாக் பத்திரிகையில் ஒரு சின்ன கட்டுரை எழுதறார். சாரம் இதுதான். சோதனையையும் நிரலாகவே எழுதுங்க, அதுவும் நீங்க வேலை பார்க்கற அதே மொழியிலேயே எழுதுங்க. திரையில பட்டனை அமுக்கிப் பார்க்கற மாதிரி சோதனைகளை நம்பாதீங்க, திரை கொஞ்சம் மாறினாலே உடைஞ்சு போகும். எதிர்பார்த்த விடை இது, வந்த விடை இது, ரெண்டும் ஒண்ணான்னு கணினியே பார்த்துச் சொல்லட்டும், மனுஷக் கண்ணு வேண்டாம். கூடவே அதுக்கு ஒரு குட்டிக் கருவியும் கொடுத்தார். அதுதான் எஸ்யூனிட். இன்னைக்கு ஏதோ ஒரு எழுத்துக்குப் பின்னால "யூனிட்" என்று முடியற கருவிகளுக்கெல்லாம் பாட்டன்.

அடுத்த காட்சி 1997. ஊப்ஸ்லா என்ற கணினி மாநாடு அந்த வருஷம் அட்லாண்டாவில். ஸூரிக்கிலிருந்து அட்லாண்டா போற விமானத்துல கென்ட் பெக்கும் எரிக் காமாவும் பக்கத்து பக்கத்து சீட்டு. எரிக் காமா சுவிட்சர்லாந்துக்காரர். டிசைன் பேட்டர்ன்ஸ் என்ற புகழ்பெற்ற புத்தகத்தை எழுதின நாலு பேரில் ஒருத்தர். பின்னாடி எக்லிப்ஸிலும் விஷுவல் ஸ்டுடியோ கோடிலும் முக்கியப் பங்கு வகிக்கப் போறவர். நாமளா இருந்தா ரெண்டு படம் பார்த்துட்டு தூங்கியிருப்போம். அவங்க ஒரே மடிக்கணினியில சேர்ந்து உட்கார்ந்து, எஸ்யூனிட்டை ஜாவாவுக்குக் கொண்டு வந்தாங்க. அதையும் முதலில் டெஸ்ட், பிறகு நிரல் என்ற வரிசையிலேயே எழுதினாங்களாம். விமானம் தரையிறங்கும்போது ஜேயூனிட் பிறந்தாச்சு.

அதுக்குள்ள என்ன இருக்கு? ஆச்சரியமா, ரொம்பக் கொஞ்சம்தான். "டெஸ்ட்" என்று பெயர் ஆரம்பிக்கற ஒவ்வொரு மெத்தடையும் கருவியே கண்டுபிடிச்சு ஓட்டும். ஒவ்வொரு டெஸ்டுக்கும் புதுசா ஒரு ஆப்ஜெக்ட் உருவாக்கும், முந்தின டெஸ்டோட எச்சம் அடுத்ததுல ஒட்டாம இருக்க. ஓட்டறதுக்கு முன்னாடி மேடை போட ஒரு மெத்தட், ஓடின பிறகு மேடையைப் பிரிக்க ஒரு மெத்தட். ஒரு டெஸ்ட் விழுந்தா அதைக் குறிச்சு வச்சுட்டு அடுத்ததுக்குப் போயிடும், மொத்தமும் நிக்காது. எதிர்பார்த்த விடை வரலைன்னா அதுக்கு ஒரு கணக்கு, நிரலே எதிர்பாராம வெடிச்சா அதுக்குத் தனிக் கணக்கு. எல்லாம் சரின்னா திரையில ஒரு பச்சைப் பட்டை, ஒண்ணு போனாலும் சிவப்பு.

அந்தப் பச்சைப் பட்டைதான் உலகத்தை மயக்கிச்சு. 1998 ஜூலையில் பெக்கும் காமாவும் ஜாவா ரிப்போர்ட் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினாங்க. தலைப்பிலேயே டெஸ்ட் எழுதற பழக்கத்தை ஒரு தொற்றுன்னு சொன்னாங்க. உண்மைதான், பரவிடுச்சு. சி++, டாட் நெட், பைத்தான், பிஎச்பி என்று ஒவ்வொரு மொழிக்கும் ஒரு யூனிட் கருவி முளைச்சுது. பதில் பத்து நாள் கழிச்சு வர்ற எக்செல் ஷீட்டில் இல்லை, பத்து விநாடியில் உன் திரையிலேயே வருது. இதுதான் புரட்சி. காக்கை தன் குஞ்சை அளக்க இப்போ ஒரு அளவுகோல் கிடைச்சாச்சு, மனசு என்ன சொல்லுதுன்னு கேக்க வேண்டியதில்லை.

இந்த இடத்துல ஒரு முரணையும் சொல்லிடறேன். கென்ட் பெக் இந்த முறைகளையெல்லாம் பெரிய அளவில் நடத்திக் காட்டினது கிரைஸ்லர் கார் கம்பெனியின் சம்பளக் கணக்கு ப்ராஜெக்டில். சி3 என்று பெயர், ஸ்மால்டாக்கில் எழுதினது. 1996-ல் பெக் உள்ளே வந்தார். 1997-ல் சுமார் 10,000 ஊழியர்களுக்கு அந்த மென்பொருள் சம்பளம் போட ஆரம்பிச்சுது. எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற முறையே அங்கே பிறந்ததுதான். அந்தப் பேரில் புத்தகம் 1999 கடைசியில் வந்து சக்கைப்போடு போட்டுக்கிட்டு இருந்தப்போ, 2000 பிப்ரவரியில் கம்பெனி அந்த ப்ராஜெக்டை நிறுத்திடுச்சு. மீதி ஊழியர்களுக்கு அது போய்ச் சேரவே இல்லை. டெஸ்ட் பச்சையா இருந்தா ப்ராஜெக்ட் பிழைச்சுக்கும்னு யாராவது சொன்னா இந்தக் கதையைச் சொல்லுங்க. நிரல் எழுதினபடி நடக்குதான்னு மட்டும்தான் பட்டைக்குத் தெரியும். அந்த நிரல் யாருக்கு வேணும், அதுக்கு யார் காசு கொடுப்பாங்கங்கறது அதுக்குத் தெரியாது.

சரி, இப்போ பெரிய நிறுவனங்களின் வெப் அப்ளிகேஷனுக்கு வருவோம். சிக்கலே இங்கேதான்.

ஜேயூனிட் வந்த காலமும் ஜே2ஈஈ வந்த காலமும் ஒண்ணு. ஜே2ஈஈயின் முதல் பதிப்பு 1999 டிசம்பரில் வந்துச்சு. வங்கி, காப்பீடு, தொலைத்தொடர்புன்னு எல்லாரும் அதுல இறங்கினாங்க. அதோட அடிப்படையே கன்டெய்னர். நீ எழுதின நிரலை அப்ளிகேஷன் சர்வர் என்ற பெரிய பொட்டிக்குள்ள வச்சாத்தான் அது உயிர் பெறும். டேட்டாபேஸ் இணைப்பு, பாதுகாப்பு, டிரான்சாக்‌ஷன் எல்லாம் அந்தப் பொட்டி கொடுக்கும். வெளியே எடுத்தா தண்ணியை விட்டு எடுத்த மீன்.

ஜேயூனிட்டுக்கோ தனியா எடுத்து நசுக்கிப் பார்க்கற பருக்கைதான் வேணும். ஒரு வரி மாத்தி, பேக்கேஜ் கட்டி, சர்வர்ல ஏத்தி, அது எழுந்து வர்ற வரைக்கும் டீ குடிச்சுட்டு வந்து பார்க்கணும்னா, பத்து விநாடிப் பட்டை எங்கே போச்சு?

இதுக்கு ரெண்டு கட்சி கிளம்புச்சு.

முதல் கட்சி: மீன் தண்ணியிலதான் வாழும்னா, நாம தண்ணிக்குள்ள இறங்குவோம். வின்சென்ட் மாசோல் எழுதின கேக்டஸ் இந்த ரகம். முதலில் ஜே2ஈஈயூனிட் என்ற பெயரில் வந்து, பிறகு அப்பாச்சியின் ஜகார்த்தா குடும்பத்துல சேர்ந்துச்சு. அதோட வித்தை சுவாரஸ்யமானது. ஒரே டெஸ்ட் பாதி வெளியே, பாதி சர்வருக்குள்ளே ஓடும். வெளியே தொடங்கி, ஒரு சர்வ்லெட் வழியா உள்ளே போய், நிஜமான கன்டெய்னரில் நிரலைச் சோதிச்சு, விடையை வெளியே கொண்டு வரும். இன்னொரு பக்கம் ரஸ்ஸல் கோல்டின் ஹெச்டிடிபியூனிட். அது பிரவுசர் வேஷம் போட்டுக்கிட்டு சர்வர்கிட்ட பேசும். ஃபார்ம் நிரப்பும், குக்கி வாங்கி வச்சுக்கும், லிங்க்கைத் தட்டும், வந்த பக்கத்துல என்ன இருக்குன்னு சொல்லும்.

ரெண்டாம் கட்சி: தண்ணியைப் போலியா செஞ்சுடுவோம். 2000-ல் டிம் மெக்கினன், ஸ்டீவ் ஃப்ரீமேன், ஃபிலிப் கிரெய்க் மூணு பேரும் இத்தாலியின் சார்டினியா தீவுல நடந்த எக்ஸ்பி மாநாட்டுல மாக் ஆப்ஜெக்ட் பற்றி ஒரு கட்டுரை வாசிச்சாங்க. நிஜ டேட்டாபேஸுக்குப் பதிலா ஒரு நடிகனை நிறுத்து. அவன் சொல்லிக் கொடுத்த வசனத்தைச் சொல்வான், தன்னை யார் எத்தனை தடவை கூப்பிட்டாங்கன்னு கணக்கும் வச்சுக்குவான். கடைசியில அவனையே சாட்சி கேட்கலாம். முதலில் இந்த நடிகர்களைக் கையால எழுதணும். சர்வ்லெட் ரிக்வெஸ்ட் மாதிரி ஏகப்பட்ட மெத்தட் இருக்கற ஒண்ணுக்கு எழுதினா கை வலிச்சுடும். 2001-ல் டாமோ ஃப்ரீஸின் ஈஸிமாக் வந்து, நிரல் ஓடும்போதே நடிகனை உருவாக்கிக் கொடுத்துச்சு. பின்னாடி வந்த மாக்கிட்டோதான் நாம இன்னைக்குத் தட்டறது.

எந்தக் கட்சி ஜெயிச்சுது? ரெண்டாவதுன்னுதான் தோணும். ஆனா ஜெயிக்க வச்சது டெஸ்ட் கருவி இல்லை. 2002-ல் ராட் ஜான்சன் ஜே2ஈஈ பற்றி ஒரு தடிமனான புத்தகம் எழுதினார். அதுல அவர் கொடுத்த நிரல்தான் வளர்ந்து 2004 மார்ச்சில் ஸ்பிரிங் 1.0 ஆச்சு. வணிக நிரலை சாதாரண ஜாவாவா எழுது, அதுக்குத் தேவையானதை வெளியே இருந்து கையில கொடு. கன்டெய்னர் இருந்தாலும் ஓடும், இல்லாட்டியும் ஓடும். மீனைத் தரையிலும் வாழப் பழக்கிட்டாங்க. டெஸ்ட் பண்ண முடியலையேங்கற எரிச்சல், நிரலை எழுதற விதத்தையே மாத்திடுச்சு. இந்த வரலாறு முழுக்க எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். கேக்டஸ் 2011-ல் ஓய்வு பெற்றது.

அடுத்த தலைவலி டேட்டாபேஸ். 2002-ல் மானுவெல் லாஃப்ளாம் எழுதின டிபியூனிட் வந்துச்சு. டேபிள்ல என்ன இருக்கணும்னு எக்ஸ்எம்எல்-லில் எழுதி வச்சா, ஒவ்வொரு டெஸ்டுக்கு முன்னாடியும் பழசை அழிச்சு அதை ஏத்திடும். ஸ்பிரிங் இன்னொரு தந்திரம் கொடுத்துச்சு. டெஸ்ட் ஆரம்பிக்கும்போது டிரான்சாக்‌ஷனைத் திற, முடிஞ்சதும் கமிட் பண்ணாம ரோல்பேக் பண்ணிடு. டேட்டாபேஸுக்கு எதுவும் நடந்ததே தெரியாது.

அருமைதான். ஆனா ஒரு கண்ணி இருக்கு. ஹைபர்னேட் மாதிரி கருவிகள் பல சமயம் கமிட் நேரத்துலதான் எஸ்கியூஎல் வரிகளை டேட்டாபேஸுக்கு அனுப்பும். கமிட்டே நடக்காத டெஸ்டில் அந்த வரிகள் போகாமலே போயிடலாம். காலியா இருக்கக்கூடாத காலத்தில் காலியை வச்சிருந்தாலும் பச்சை! நடுவுல ஃப்ளஷ் பண்ணிப் பார்க்கணும்னு ஸ்பிரிங் கையேட்டிலேயே எச்சரிக்கை இருக்கு. அதே மாதிரி, வேகத்துக்காக ஹெச்2 போன்ற நினைவக டேட்டாபேஸை வச்சு சோதிச்சுட்டு ஆரக்கிளில் ஓட்டினா வேற சங்கடம். ஆரக்கிளுக்கு ஒரு எழுத்தும் இல்லாத காலிச் சரமும் நல்லும் ஒண்ணு. ஹெச்2-வுக்கு வழக்கமா ரெண்டும் வேற வேற. பருக்கையை நசுக்கினது வேற பானையில.

அதனாலதான் சக்கரம் திரும்பவும் சுத்துச்சு. 2013-ல் டாக்கர் வந்த பிறகு, 2015-ல் ரிச்சர்ட் நார்த் டெஸ்ட்கன்டெய்னர்ஸ் என்ற கருவியைத் தொடங்கினார். டெஸ்ட் ஆரம்பிக்கும்போது நிஜமான டேட்டாபேஸையே ஒரு டாக்கர் கன்டெய்னரில் எழுப்பி, முடிஞ்சதும் தூக்கிப் போட்டுடும். முதல் கட்சிக்காரங்க கேட்டதும் இதைத்தானே, தண்ணியிலேயே சோதிப்போம்னு? அப்போ பொட்டி எழுந்து வர்றதுக்குள்ள டீ ஆறிடும். இப்போ சில விநாடி. கொள்கையில தோத்தவங்க இல்லை அவங்க, வன்பொருள் வர்றதுக்கு முன்னாடியே பிறந்துட்டாங்க.

திரைப் பக்கம் 2004-ல் தாட்வொர்க்ஸில் ஜேசன் ஹக்கின்ஸ் செலினியத்தைத் தொடங்கினார். அங்கே நேரக்கணக்கும் செலவுக்கணக்கும் போடற ஒரு உள் அப்ளிகேஷனை சோதிக்கத்தான். பெயருக்குப் பின்னால ஒரு குசும்பு. அப்போ சோதனைக் கருவிச் சந்தையில கொடி கட்டிப் பறந்த கம்பெனி மெர்க்குரி. பாதரச நஞ்சுக்கு முறிவு செலினியமாம்! பிறகு சைமன் ஸ்டூவர்ட்டின் வெப்டிரைவரோட சேர்ந்து 2011-ல் செலினியம் 2 வந்துச்சு. 2018-ல் வெப்டிரைவர் இணையத் தரமாவே அங்கீகரிக்கப்பட்டது.

ஜேயூனிட் என்னாச்சு? மெத்தட் பெயரில் ஒரு எழுத்து மாறி "டெஸ்ட்" என்பது "ட்செட்" ஆயிட்டா அந்தச் சோதனை சத்தமில்லாம ஓடாமலே போயிடும், ஆனா பட்டை பச்சை. டாட் நெட்டில் என்யூனிட் 2002-லேயே இதுக்குக் குறிச்சொல் வச்சுத் தீர்வு கண்டுச்சு. 2004-ல் ஜாவா 5 வந்து, செட்ரிக் பூஸ்ட் டெஸ்ட்என்ஜி எழுதி முந்திக்கிட்டார். 2006 பிப்ரவரியில் ஜேயூனிட் 4 அதே வழிக்கு வந்துச்சு. அடுத்த பெரிய மாற்றத்துக்கு 2015-ல் இணையத்தில் நிதி திரட்டினாங்க. கேட்டது 25,000 யூரோ, கிடைச்சது 50,000-க்கும் மேல. ஜேயூனிட் 5 வந்தது 2017 செப்டம்பரில். 2025-ல் 6-ம் வந்தாச்சு.

இவ்வளவு கருவி வந்தும் பிரச்சினை தீர்ந்துச்சா? நான் பார்த்த ஒண்ணைச் சொல்றேன். பெயர் வேண்டாம். காப்பீட்டு பிரீமியம் கணக்குப் போடற பழைய அப்ளிகேஷன் ஒண்ணை எங்க டீம் வேற டீம்கிட்ட இருந்து வாங்கிச்சு. 80 சதவீத வரிகளை டெஸ்ட் தொடணும்னு ஒப்பந்தம். அறிக்கையில 83 சதவீதம், எல்லாம் பச்சை. எங்க டீம்ல ஒரு சீனியர் அக்கா, ஒண்ணும் பேசாம பிரீமியம் கணக்குல இருந்த ஒரு பெருக்கலை வகுத்தலா மாத்தினாங்க. எல்லா டெஸ்டையும் ஓட்டினாங்க. பச்சை. வரியையே அழிச்சாங்க. பச்சை. திறந்து பார்த்தா, மெத்தடைக் கூப்பிடறாங்க, விடையைக் கண்டுக்கவே இல்லை. ஒரு அசர்ட் கூட கிடையாது. வெடிச்சா சத்தம் வராம இருக்க சுத்தி ட்ரை-கேட்ச் வேற. "தம்பி, இது டெஸ்ட் இல்ல, வருகைப் பதிவேடு" என்றாங்க அக்கா. அந்தக் கணக்கை நம்பி எங்கேயோ ஒரு குடும்பம் பணம் கட்டிக்கிட்டு இருந்துச்சு.

அக்கா கையால செஞ்சதுக்கு ஒரு பெயர் இருக்கு, மியூட்டேஷன் டெஸ்டிங். 1978-லேயே டிமில்லோ, லிப்டன், சேவர்ட் மூணு பேரும் எழுதின யோசனை. நிரலை வேணும்னே கெடுத்துப் பார், டெஸ்ட் சிவப்பாகுதான்னு பார். ஆகலைன்னா டெஸ்ட்தான் பொய். ஜாவாவில் பிட் என்ற கருவி இதைத் தானாவே செய்யும். ரொம்ப நேரம் எடுக்கும், ஆனா பொய் சொல்லாது.

2014-ல் ரூபி ஆன் ரெயில்ஸ் எழுதின டேவிட் ஹைன்மையர் ஹான்சன், முதலில் டெஸ்ட் எழுதற முறை செத்துப்போச்சுன்னு எழுதி அமர்க்களம் பண்ணினார். டெஸ்டுக்காகவே நிரலைச் சின்னாபின்னம் பண்றாங்கங்கறது அவர் புகார். கென்ட் பெக், மார்ட்டின் ஃபௌலர், அவர் மூணு பேரும் இணையத்தில் உட்கார்ந்து பல தவணையா பேசினாங்க. சண்டை இல்லை, நாகரிகமான உரையாடல்.

அந்த வாக்குவாதத்துல யார் பக்கம்னு கேட்டா, நான் அக்கா பக்கம். எதை முதலில் எழுதறோம், நடிகனா நிஜமா, எத்தனை சதவீதம், இதெல்லாம் அப்புறம். நிரலைக் கெடுத்தா டெஸ்ட் கத்துதா? கத்தினா அது டெஸ்ட். இப்போ நிரலையும் டெஸ்டையும் சேர்த்தே இயந்திரம் எழுதித் தர்ற காலம். பச்சைப் பட்டை முன்னெப்போதையும் விட மலிவாக் கிடைக்குது. அதனால அந்தக் கேள்விக்கு மதிப்பு கூடியிருக்கே தவிர குறையலை. உங்க ப்ராஜெக்டில் முக்கியமான கணக்கு எதுவோ, அதுல ஒரு கூட்டலைக் கழித்தலா மாத்திட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. மறக்காம திருப்பி மாத்திடுங்க சாமி.

டிஸ்கி: கருவிகள் பட்டியல் முழுசு இல்லை, வேணும்னே விட்டது நிறைய. சரி, ஆணி கூப்பிடுது, வர்றேன்.